பெட்ரோல் டேங்கைத் தேய்ப்பதை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் 23 வயது வாசகர், 2பி உரிமம் கிடைத்த கையோடு, தந்தையின் நெடுநாள் நண்பரிடமிருந்து 1996ல் பதிவான யமஹா ஆர்எக்ஸ்-இசட் மோட்டார் சைக்கிளை 5,500 வெள்ளிக்கு வாங்கியிருக்கிறார். காக்கி புக்கிட் பட்டறையில் அதைப் புதுப்பிக்க 3,800 வெள்ளி பேசி, 1,500 வெள்ளி முன்பணம் கொடுத்த பிறகுதான், அதற்கு கிளாசிக் பிளேட் (மிகப் பழைய வண்டிகளுக்கான சிறப்பு எண் பலகை) கிடைக்காது என்று மெக்கானிக் சொன்னாராம். "மாமா என்று கூப்பிட்டவர் ஏமாற்றிவிட்டார். போலிசில் புகார் கொடுக்கலாமா?"

பதில்: அவர் உங்கள் வீட்டில் எத்தனை தீபாவளிக்குச் சாப்பிட்டார், இப்போது ஏன் போனை எடுப்பதில்லை என்பதற்கெல்லாம் வழக்கில் இடமில்லை. வண்டியின் முதல் பதிவு ஆண்டும், பணம் கைமாறுவதற்கு முன் அவர் அனுப்பிய ஒரு செய்தியுமே உங்கள் வழக்கு.

2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார் சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓடக் கூடாது என்பது 2018லேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. கிளாசிக் திட்டத்தில் உள்ளவற்றுக்கு விலக்கு உண்டு. ஆனால் அதில் சேர முதல் பதிவிலிருந்து 35 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு அது 2031ல்தான் நிறைவேறும். பதிவை நீக்கிய வண்டியை அதுவரை வீட்டிலோ பட்டறையிலோ மூடிவைத்துக் காத்திருக்கவும் முடியாது; ஒரு மாதத்துக்குள் அதை அகற்றியதற்கான சான்றை நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் காட்டியாக வேண்டும்.

இப்போது அவருடைய வாட்ஸ்அப் செய்திக்கு வருகிறேன்: "கவலைப்படாத தம்பி, 2028க்கு முன்னாடியே கிளாசிக் பிளேட் மாத்திடலாம், நான் கேட்டுட்டேன்." முதல் பாதி மட்டும் இருந்திருந்தால் அது வெறும் அபிப்பிராயம் என்று அவர் வாதிடலாம்; "நான் கேட்டுட்டேன்" என்ற இரண்டு சொற்கள்தான் அதை, விசாரித்துத் தெரிந்துகொண்ட உண்மையாக உங்களிடம் வைத்த கூற்றாக மாற்றுகின்றன. அவர் வியாபாரி அல்லர் என்பதால் பழுதுப் பொருள் சட்டம் உங்களுக்கு உதவாது. தவறான கூற்றை நம்பி வாங்கியதால் விற்பனையை ரத்துசெய்து பணத்தைத் திரும்பக் கேட்பதே உங்களுக்குள்ள வழி. பதிவுத் தேதியை நீங்களே பார்த்திருக்கலாமே என்ற பதில் அவரைக் காப்பாற்றாது.

நான் கவலைப்படுவது உங்கள் படங்களைப் பார்த்துத்தான். டேங்க் வெறும் இரும்பு தெரியும்வரை தேய்க்கப்பட்டிருக்கிறது; சிலிண்டர் கழற்றப்பட்டு மேசைமேல் கிடக்கிறது. விற்பனையை ரத்துசெய்ய வேண்டுமானால், வாங்கிய பொருளை வாங்கிய நிலையில், அல்லது ஏறத்தாழ அந்த நிலையிலாவது, திருப்பிக் கொடுக்க முடிய வேண்டும். சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து, வண்டியின் சட்டகத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்த பிறகு எதைத் திருப்பிக் கொடுப்பீர்கள்? அதைவிடப் பெரிய ஆபத்து, உண்மை தெரிந்த பிறகும் வேலையைத் தொடர்வது. தெரிந்தே அந்த வண்டியை உங்களுடையதாக ஏற்றுக்கொண்டீர்கள் என்றுதான் அதற்குப் பொருள் கொள்ளப்படும். அதன்பின் செலவழிக்கும் ஒவ்வொரு வெள்ளியும் உங்கள் கணக்கில்தான் விழும். பழைய வெஸ்பா ஒன்றை இப்படி வாங்கிய என் கட்சிக்காரர், "வேலையை முடித்துவிட்டால் வழக்கில் மதிப்பு கூடும்" என்று நம்பி, குரோம் பூச்சுவரை முடித்துவிட்டே என்னிடம் வந்தார். எதிர்த்தரப்பு கேட்டது ஒரே கேள்வி: "நாங்கள் விற்ற வண்டி எங்கே?" கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு அவர் சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. அவருடைய முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆகவே இன்றே பட்டறைக்கு எழுத்தில் தெரிவித்து வேலையை நிறுத்துங்கள். கழற்றிய பாகம் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, பெட்டியில் போட்டு வையுங்கள். இதுவரை செய்த வேலைக்கு மட்டும் பில் கேளுங்கள். அந்தத் தொகையைத் தகராறு செய்யாமல் கட்டிவிடுங்கள், இல்லையேல் பட்டறைக்காரர் வண்டியைப் பிடித்துவைத்துக்கொள்ள உரிமை உண்டு.

போலிஸ் புகாரை விடுங்கள். அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்று நிரூபிப்பது கடினம். "பணம் தராவிட்டால் புகார் செய்வேன்" என்று நீங்கள் ஒரு வரி எழுதினால், நாளைக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். 20,000 வெள்ளிவரை அங்கே கோரலாம், வழக்கறிஞர் வாதாட முடியாது. ஆனாலும் பிரித்துப்போட்ட வண்டியோடு அங்கே நிற்பதைவிட, உங்கள் தந்தையை உடன் அழைத்துக்கொண்டு போய்ப் பேசித் தீர்ப்பதையே சொல்வேன். 4,500 வெள்ளிக்கு வண்டியை இருக்கும் நிலையில் திரும்ப எடுத்துக்கொள்ள அவர் சம்மதித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த ஆயிரமும் பட்டறைக்குக் கொடுத்ததும் போனதாகவே இருக்கட்டும். உடன்பாட்டை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறுவதும் வண்டி அவர் பெயருக்கு மாறுவதும் ஒரே அமர்வில் நடக்க வேண்டும். வண்டி உங்கள் பெயரில் இருக்கும்வரை சாலை வரியும் காப்புறுதியும் உங்கள் பொறுப்பு என்பதால், "பெயரை அடுத்த மாதம் மாற்றிக்கொள்ளலாம், தம்பி" என்று அவர் சொன்னால் வண்டியைக் கொடுக்காதீர்கள்.