ரியால்பொலிட்டிக் என்ற சொல்

கேள்வி: கொள்கையற்ற அதிகார அரசியலைக் குறிக்க இன்று வழங்கும் ‘ரியால்பொலிட்டிக்’ என்ற ஜெர்மன் சொல்லைப் படைத்தவர், பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய அரசியல் தலைவர் பிஸ்மார்க்தானா?

பதில்: இல்லை. அதை வழக்குக்குக் கொண்டுவந்தவர் லுட்விக் ஆகுஸ்ட் ஃபான் ரோஹாவ் என்ற ஜெர்மானிய எழுத்தாளர். 1853-இல் வெளிவந்த அவரது நூலின் தலைப்பிலேயே அச்சொல் இருக்கிறது. 1833-இல் ஃபிராங்ஃபர்ட் நகரின் காவல் சாவடிகளைத் தாக்கிய கிளர்ச்சியில் பங்கேற்று, ஆயுள் தண்டனை பெற்று, சிறையிலிருந்து தப்பிப் பிரான்சில் தஞ்சம் புகுந்த தாராளவாதி அவர். அரசியல் உரிமையும் ஒன்றுபட்ட ஜெர்மனியும் கேட்டு எழுந்த 1848-ஆம் ஆண்டுப் புரட்சி தோற்றபின், நியாயம் நம் பக்கம் இருப்பது மட்டும் போதாது, நாட்டில் மெய்யான வலிமை யாரிடம் உள்ளது என்பதை அறிந்தே அரசியல் நடத்த வேண்டும் என்று தம் தோழர்களுக்கு உணர்த்தவே அவர் இச்சொல்லைக் கையாண்டார். மக்களிடம் வேரூன்றிய கருத்துகளையும் அவர் வலிமையாகவே கணக்கிட்டார் என்பதை நாம் மறக்கலாகாது. கொள்கையற்ற அதிகார அரசியல் என்ற இன்றைய பொருள் பிற்காலத்தில் ஏறியது. அது ரோஹாவுக்கு இழைத்த அநீதி என்றே கருதுகிறேன்.