வாசகர் கேள்வி பதில்: காடு, கடல், மலை

ஜூலைப் பள்ளி விடுமுறைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்துக்குள் எங்கே போகலாம், எப்படிப் போகலாம் என்று கேட்டு வந்த கடிதங்களை இம்முறை சேர்த்து எடுத்துக்கொண்டோம். புரட்டாசி, டிசம்பர் பயணங்களுக்கு இப்போதே திட்டமிடுகிறவர்களுக்கும் பதில் உண்டு.

சாட்ஸ்வர்த் வாசகி: ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி வனவிலங்குப் பூங்காவுக்கு ஓர் இரவு போக நினைக்கிறோம். சின்ன கார்தான். வயதான மாமியாரும் ஐந்து வயதுப் பேரனும் வருகிறார்கள். எந்த வாசல், எந்த முகாம்? காண்டாமிருகம் கண்ணில் படுமா?

ஜூலை சரியான மாதம். மழை இருக்காது. புல் காய்ந்து தாழ்ந்திருக்கும், புதர்கள் இலை உதிர்த்திருக்கும், குட்டைகள் வற்றுவதால் விலங்குகள் ஆற்றோரம் வரும். ஜனவரியில் சாலையோரமே படுத்திருக்கும் சிங்கம்கூடப் பச்சைக்குள் மறைந்துவிடும்.

ஒரே இரவு என்றால் ஒரு வாசலில் நுழைந்து வேறு வாசலில் வெளியேறுங்கள். டர்பனிலிருந்து என்2 நெடுஞ்சாலையில் மட்டுபட்டுபா வரை போய், ஆர்618 சாலையில் இடப்பக்கம் திரும்பினால் நியாலாசி வாசல் வரும். அந்தச் சாலையில் மாடும் ஆடும் குறுக்கே வரும், வேகத்தடைகளும் அதிகம். இருட்டில் அங்கே ஓட்டவே வேண்டாம். பெட்ரோலை மட்டுபட்டுபாவிலேயே நிரப்பிவிடுங்கள். வீட்டிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பினால், வழியில் ஒரு தேநீர் குடித்தும் பத்து, பத்தரைக்குள் வாசலில் இருக்கலாம்.

நியாலாசியில் நுழைந்ததும் முதலில் தெற்கே இம்ஃபொலோசிப் பக்கம் போங்கள். அங்கே நிலம் திறந்த வெளி, பார்வை தூரம் போகும். உச்சிவெயிலில் விலங்குகள் நிழலில் ஒதுங்கிவிடும் என்பதால், பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை பிக்னிக் இடம் ஒன்றில் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். மாமியாருக்குக் கழிப்பறை தேவைப்படும். அது பிக்னிக் இடங்களிலும் முகாம்களிலும் மட்டுமே உண்டு. நடுவழியில் காரை விட்டு இறங்க அனுமதி கிடையாது. நுழையும்போது வாங்கும் வரைபடத்தில் அந்த இடங்களை முதலில் வட்டமிட்டுவிட்டுப் பிறகு பாதையைத் தீர்மானியுங்கள்.

மூன்று மணிக்கு மேல் மெதுவாக வடக்கே திரும்பி ஹில்டாப் முகாமுக்குப் போங்கள். தெற்கிலுள்ள ம்பிலா முகாமுக்கு வேலி இல்லை, உணவகமும் இல்லை. இரவில் கழுதைப்புலி வாசற்படி வரை வரும். அதை விரும்பிப் போகிறவர்கள் உண்டு. உங்கள் குடும்பத்துக்கு ஹில்டாப்தான் பொருந்தும். அங்கே உணவகம் இருக்கிறது. பூங்காவில் வேக வரம்பு மணிக்கு 40 கி.மீ.; யானை வழியை மறித்தால் அரை மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். குளிர்காலத்தில் வாசல் காலை 6 முதல் மாலை 6 வரை. அதற்குள் நீங்கள் முகாமுக்குள் இருந்தாக வேண்டும், ஆகவே நான்கரைக்குப் பிறகு கிளைச்சாலை எதிலும் நுழையாதீர்கள்.

மறுநாள் காலை 6 மணிக்கே கிளம்புங்கள். வரும் விருந்தாளிகளில் பலர் தவறவிடுவது இந்த இரண்டு மணி நேரத்தைத்தான். அறையைப் பத்து மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்று பெட்டி கட்டுவதிலேயே காலையைக் கழித்துவிடுகிறார்கள். முந்தின இரவே கட்டிவைத்துவிடுங்கள். ஜூலை விடியலில் குளிர் கடுமை, மாமியாருக்கு ஒரு கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது மெமோரியல் வாசல் வழியாக வெளியேறினால் நேரே என்2-ஐப் பிடிக்கலாம். முக்கியச் சாலைகள் தார் போட்டவை, சின்ன கார் தாராளமாகப் போகும். மழை பெய்திருந்தால் மட்டும் சரளைக் கிளைகளைத் தவிருங்கள்.

காண்டாமிருகத்தைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. 1895-இல் பாதுகாக்கப்பட்ட காடு இது. தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் அழிவின் விளிம்புக்குப் போனபோது கடைசியாக எஞ்சியவை இங்கேதான் இருந்தன. 1960-களில் இங்கிருந்துதான் மற்றக் காடுகளுக்கு அனுப்பினார்கள். வாய் அகன்று, தலையைத் தரையோடு வைத்துப் புல் மேய்ந்தால் அது வெள்ளை வகை. உதடு கூராக வளைந்து, தலை நிமிர்ந்து புதரைக் கடித்தால் கறுப்பு வகை. குட்டி தாய்க்கு முன்னே ஓடினால் பெரும்பாலும் வெள்ளை, பின்னே ஓடினால் கறுப்பு. கொம்பு மழுங்கி நின்றால் பேரன் பயப்பட வேண்டாம்: கள்ளவேட்டையைத் தடுக்க 2024 முதல் மயக்கமருந்து கொடுத்துக் கொம்பை அறுக்கிறார்கள். நகம் போன்ற பொருள்தான், வலிக்காது, மறுபடி வளரும். ஒரு வேண்டுகோள்: காண்டாமிருகப் படத்தை எந்தச் சாலையில் எடுத்தோம் என்று எழுதி வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள். கைபேசிக் கேமராவில் இடப்பதிவையும் அணைத்துவிடுங்கள். வேட்டைக்காரர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

யானை எதிரில் வந்தால் 50 மீட்டருக்கு அப்பாலேயே நில்லுங்கள், எஞ்சின் ஓடட்டும், பின்னால் வருகிற கார் உங்கள் பின்வழியை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே ஈரக்கோடு வழிந்து, பின்னங்கால் நனைந்திருந்தால் அது மதம் கொண்ட ஆண் யானை. படம் எடுக்கக் காத்திராமல் மெதுவாகப் பின்னால் போய்விடுங்கள்.

ஃபீனிக்ஸ் வாசகி: நான்கு மாதக் கர்ப்பம். சென்ட் லூசியாவுக்குப் போகலாமா? மலேரியா மாத்திரை வேண்டுமா?

சென்ட் லூசியாவும் ஹ்லுஹ்லுவேயும் மலேரியா ஆபத்து குறைந்த பகுதிகள். ஜூலையில் இன்னும் குறைவு. செப்டம்பரிலிருந்து மே வரைதான் கவனமாக இருக்க வேண்டிய காலம். மொசாம்பிக் எல்லையை ஒட்டிய கோசி விரிகுடா, ண்டுமோ, டெம்பே பக்கம் ஆபத்து கூடும். கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் போகாமலிருப்பதே நல்லது. மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரே முடிவு செய்யட்டும். டாக்சிசைக்ளின் கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் ஆகாது. அடுத்தவர் டப்பாவிலிருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை முழுக்கைச் சட்டை, காலுறை, கொசுவிரட்டிக் களிம்பு, வலை: இவை போதும்.

திரும்பி வந்தபின் கவனம் வேண்டும். கொசு கடித்து ஏழு நாளாவது ஆகாமல் மலேரியா தலைகாட்டாது, பெரும்பாலும் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் பயணம் மறந்துவிடும், குளிர்காலக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடுகிறார்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், "மலேரியாப் பகுதிக்குப் போய் வந்தேன்" என்று நீங்களாகவே சொல்லி அன்றே ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

சென்ட் லூசியாவில் இன்னொன்று: இரவில் நீர்யானைகள் ஊர்த் தெருக்களிலேயே புல் மேயும். சாப்பிட்டுவிட்டு நடந்து திரும்பாதீர்கள், பக்கத்துத் தெரு என்றாலும் காரிலேயே போங்கள்.

டொங்காட் வாசகர்: செப்டம்பர் விடுமுறை புரட்டாசியில் வருகிறது. விரதம் இருக்கிறோம். காட்டு முகாமில் சைவமாகச் சமைத்துச் சாப்பிட முடியுமா? சனிக்கிழமை விளக்கும் ஏற்ற வேண்டும்.

தாராளமாக முடியும். முன்பதிவின்போது சொந்தச் சமையலறை உள்ள வீடுதானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். சில பழைய குடிசைகளுக்குப் பொதுச் சமையலறைதான். பக்கத்து அடுப்பில் இறைச்சி வேகும். முகாமிலுள்ள பாத்திரங்களிலும் பிராய் (இறைச்சி சுடும்) கம்பிகளிலும் என்னென்ன சமைத்திருப்பார்களோ. சோற்றுப்பானை ஒன்று, குழம்புச் சட்டி ஒன்று, கரண்டி, கத்தி, ஒரு சிறிய கம்பி வலை ஆகியவற்றை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். செப்டம்பர் 24 பாரம்பரிய நாளில் முகாம் முழுக்கப் புகையும் இறைச்சி வாடையுமாக இருக்கும். அந்தத் தேதியைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

ஆறு பேருக்கு இரண்டு இரவுக்கு ஒன்றரை கிலோ அரிசி, அரைக் கிலோ துவரம்பருப்பு போதும். சுகர் பீன்ஸை வீட்டிலேயே ஊறவைத்துக் குழம்பாக்கி, தட்டையான டப்பாவில் உறையவைத்துக் கொண்டுபோங்கள். முதல் நாள் முழுவதும் குளிர்பெட்டியில் அதுவே பனிக்கட்டி, மறுநாள் இரவு அதுவே சாப்பாடு. உருளைக்கிழங்கு, பட்டர்நட், மக்காச்சோளம் மூன்றும் கெடாமல் தாங்கும், நெருப்பில் சுடவும் ஏற்றவை. வாழைப்பழம் வேண்டாம். வெர்வெட் குரங்குக்கு அது போதும், பத்து நிமிடம் ஜன்னல் திறந்திருந்தால் ரொட்டியும் சேர்ந்து போய்விடும். பபூன் கதவின் கைப்பிடியைத் திருப்பத் தெரிந்தது, பூட்டியே வையுங்கள். குளிர்பெட்டியை இரவில் வராந்தாவில் விட்டால் கழுதைப்புலி இழுத்துப் போகும். குரங்குக்குப் பிரசாதம் போடும் வழக்கத்தைத் தயவுசெய்து இங்கே விட்டுவிடுங்கள். மனிதர் கையில் தின்று பழகிய குரங்கு பிள்ளைகளைக் கடிக்கும், கடைசியில் அதைச் சுட்டுவிடுவார்கள்.

விளக்கை உள்ளே, அகன்ற உலோகத் தட்டின் மேல், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஏற்றுங்கள். புல் மிகக் காய்ந்திருக்கும் காலம் அது. வெளியே கற்பூரம் ஏற்றினால் ஒரு காற்றில் மலைச்சரிவே எரியும். பூ, தேங்காய் எதையும் ஆற்றில் விடாமல் வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

இசிபிங்கோ வாசகர்: அஸ்தி கரைக்க ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் போகிறோம். பிறகு குடும்பமே முழுகுகிறது. சுறா வலை இருப்பதால் பயமில்லைதானே?

கடலைத் தடுக்கும் சுவர் இல்லை அந்த வலை. ஒவ்வொன்றும் சுமார் 214 மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் சொச்சம் ஆழமும் கொண்டது. சுறா மேலேயும் கீழேயும் பக்கத்திலும் வரலாம். சுறாக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே அதன் வேலை. குளியல் கடற்கரைகளுக்கு எதிரே மட்டும்தான் போடுவார்கள். ஜூன், ஜூலையில் சார்டின் மீன் கூட்டம் வரும்போது, பின்னாலேயே வரும் டால்பினும் திமிங்கிலமும் சிக்காதிருக்க அதையும் எடுத்துவிடுவார்கள்.

நீங்கள் சொல்லும் முகத்துவாரம்தான் இருப்பதிலேயே மோசமான இடம். கலங்கிய நீரை ஸாம்பெசிச் சுறா விரும்பும். மழைக்குப் பிறகு கழிவுநீரும் அங்கேயே வந்து சேரும். ஆற்று நீர் வெளியேறும் வேகம் ஆளைக் கடலுக்குள் இழுக்கும். நனைந்த புடவையும் வேட்டியும் காலைச் சுற்றிக்கொண்டால் நன்றாக நீந்துகிறவர்களும் எழ முடியாது. அஸ்தியை அங்கே இரண்டு பேர் மட்டும் முழங்கால் நீருக்குள் நின்று கரைக்கட்டும். குளிப்பதற்கு உயிர்காப்பாளர் இருக்கும் கடற்கரைக்குப் போய், சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே முழுகுங்கள். விடியலிலும் அந்தியிலும் வேண்டாம், ஒன்பது மணிக்கு மேல் போகலாம்.

அலை உடையாமல் அமைதியாக, கொஞ்சம் கருமையாகத் தெரியும் பட்டையே இழுப்பு நீரோட்டம். பயந்தவர்கள் அங்கேதான் இறங்குகிறார்கள். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாமல், மிதந்தபடி கையை உயர்த்துங்கள்; முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி வெளியேறுங்கள். கரையில் கம்பத்தில் இளஞ்சிவப்பு மிதவை தொங்கினால் அதை எடுத்து வீசுங்கள், பின்னாலேயே குதிக்காதீர்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: டிசம்பரில் ராயல் நடாலில் டுகேலா பள்ளத்தாக்கு நடை போகலாமா?

போகலாம், டுகேலா அருவியில் தண்ணீர் நிறைந்திருக்கும் காலம் அதுதான். 948 மீட்டர் உயர அருவி குளிர்காலத்தில் மெல்லிய கோடாகிவிடும். ஆனால் கோடையில் பிற்பகல்தோறும் இடிமழைக்கு வாய்ப்பு உண்டு. போய்வர 14 கி.மீ., ஐந்து ஆறு மணி நேரம். முதல் பெரும்பகுதி சமமான காட்டுப் பாதை, கடைசியில் பாறைக்குப் பாறை தாவி ஆற்றைக் கடக்க வேண்டும். மலைப் பதிவேட்டில் பெயர் எழுதிவிட்டுக் காலை ஆறரைக்குள் நடக்கத் தொடங்குங்கள். எங்கே இருந்தாலும் பதினோரு மணிக்குத் திரும்பிவிடுங்கள். மேலே மழை பெய்தால் இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே ஆறு ஏறும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவென்றால் முகடு, தனிமரம், ஆழமில்லாத பாறைக்குடை எல்லாவற்றையும் விட்டுத் தாழ்வான இடத்தில் குந்துங்கள். ஜீன்ஸ் நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சிவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் மழை மேலங்கியும் எடுத்துக்கொள்ளுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு அதே பூங்காவில் கேஸ்கேட்ஸ் வரை எளிய குறுநடை இருக்கிறது.

லெனேசியா வாசகர்: சானி கணவாயில் என் சின்ன காரை ஓட்டிப் போகலாமா?

முடியாது. நான்கு சக்கர இயக்க வண்டியை மட்டுமே லெசோத்தோ நாட்டு எல்லையிலுள்ள சாவடியில் அனுமதிக்கிறார்கள். ஹைம்வில், அண்டர்பெர்க் ஊர்களிலிருந்து பயண வண்டிகள் போகின்றன, அதில் இடம் பிடியுங்கள். உச்சி 2,876 மீட்டர், லெசோத்தோவுக்குள் இருக்கிறது, எல்லோருக்கும் கடவுச்சீட்டு வேண்டும். பிள்ளை ஒரு பெற்றோருடன் மட்டும் வந்தால் பிறப்புச் சான்றிதழும் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் கையில் இருக்கட்டும். சாவடி காலை 6 முதல் மாலை 6 வரை. ஜூலையில் மேல் வளைவுகளில் பனி உறைந்தால் அன்றைய பயணத்தையே நிறுத்திவிடுவார்கள், ஆகவே முதல் நாளுக்குப் பதிவு செய்து மறுநாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.