பத்து செகண்ட் தாங்கியிருந்தா

வணக்கம் சார்,

காலேஜ் டைம்ல இருந்து உங்கள படிக்கிறேன், லெட்டர் எழுதுறது இதான் மொத தடவ. நான் பெரம்பூர், வயசு 26, வேலை ஓஎம்ஆர்ல. ஒன்றர வருஷமா எம்எம்ஏ கத்துக்கிறேன், குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை. போன மாசம் என்னோட முதல் அமெச்சூர் ஃபைட். மூணு நிமிஷ ரவுண்டு. ஒரு நிமிஷத்துக்குள்ளயே அவன் என்ன கீழ தள்ளி மேல ஏறி உக்காந்துட்டான், நான் கைய மூஞ்சிக்கு வச்சுக்கிட்டு அவனா எறங்குவான்னு வெயிட் பண்ணிட்டு கிடந்தேன், கடைசில ஆர்ம்பார் மாட்டிடுச்சு, முழங்கைய எதிர்ப்பக்கமா வளைக்கிற பூட்டு, டேப் பண்ணிட்டேன், அதாவது கையால தட்டி தோல்விய ஒத்துக்கிட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சுது ரவுண்ட் முடிய பத்து செகண்ட்தான் இருந்துச்சுன்னு. கோச் எல்லார் முன்னாடியும், "பத்து செகண்ட் பல்ல கடிச்சிருந்தா பெல் அடிச்சிருக்கும், உனக்கு ஃபைட்டர் மனசு இல்லடா, ரென்ஸோ கிரேஸி கை போற வரைக்கும் டேப் பண்ணல தெரியுமா"ன்னு கேட்டாரு. வாட்ஸப் குரூப்ல என் பேருக்கு பதிலா 'டேப்'னு தண்ணிக் குழாய் படம் போட்டுட்டானுங்க.

வெயிட் எறக்க ரெண்டு நாள் தண்ணி குடிக்காம இருந்தவன் சார் நான். அத தாங்கினவனுக்கு பத்து செகண்ட் தாங்க முடியல. முதுகுல காயம் பட்டதுக்கு வெக்கப்பட்டு வடக்கிருந்து செத்த சேரன் கதை ஸ்கூல்ல படிச்சது, அதே ஞாபகமா இருக்கு. குரூப் 2வும் ரெண்டு தடவ எழுதிட்டு விட்டவன்தான். நான் எல்லாத்துலயும் டேப் பண்றவன்தானோ? முழங்கை இன்னும் வீங்கித்தான் இருக்கு, அம்மாகிட்ட பைக்ல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன்.

பேர் வேண்டாம் சார்.

*

அன்புள்ள தம்பி,

உங்க லெட்டர ரெண்டு தடவ படிச்சேன். மொத தடவ படிச்சப்போ உங்க கோச் மேல கோவம் வந்துச்சு, ரெண்டாவது தடவ உங்க மேலயும் கொஞ்சம் வந்துச்சு. ரெண்டையும் சொல்லிடறேன்.

மொதல்ல அந்த ரென்ஸோ கதை. உங்க கோச் பாதிதான் சொல்லியிருக்காரு. ரென்ஸோ பிரேசில் ஃபைட்டர். 2000ஆம் வருஷம் ஆகஸ்ட் மாசம், ஜப்பான்ல பிரைட்னு ஒரு எம்எம்ஏ போட்டி, எதிர்ல ஜப்பான் ஃபைட்டர் கஸுஷி சகுரபா. ரெண்டாவது ரவுண்டு, பத்து நிமிஷ ரவுண்டு, 9 நிமிஷம் 43 செகண்ட் ஆகியிருக்கு, அதாவது ஃபைட்டே முடிய 17 செகண்ட் பாக்கி, அப்போ சகுரபா கிமுரா பூட்டு, அதாவது கைய மடக்கி முதுகுப் பக்கமா முறுக்கற பூட்டு, போட்டு திருப்புறாரு, ரென்ஸோ டேப் பண்ணல, முழங்கை விட்டுப்போச்சு, ரெஃப்ரி நிறுத்திட்டாரு. 17 செகண்ட் இருந்தும் பெல் அடிக்கல பாருங்க. உங்களுக்கு பத்து செகண்ட்ல அடிச்சிருக்கும்னு உங்க கோச் எந்த கணக்குல சொல்றாருன்னு எனக்கு புரியல. ஆர்ம்பார் முழுசா நீட்டினப்புறம் முழங்கை தசைநார் போறதுக்கு ஒரு செகண்டே ஜாஸ்தி.

ரென்ஸோவ நான் கொற சொல்லல, அந்த ஃபைட்ட இப்ப பாத்தாலும் எனக்கு புல்லரிக்கும். ஆனா அவரு யாருன்னும் பாக்கணும். அந்த கிரேஸி குடும்பத்துக்கு அந்த பூட்டோட ஐம்பது வருஷ கணக்கு இருக்கு. 1951ல ரியோ மரக்கானா மைதானத்துல ஹீலியோ கிரேஸிக்கு எதிரா ஜப்பான் ஜூடோக்காரர் மசாஹிகோ கிமுரா இதே பூட்டத்தான் போட்டாரு, ஹீலியோ டேப் பண்ணல, அண்ணன் கார்லோஸ்தான் டவல் எறிஞ்சு நிறுத்தினாரு. அந்த கார்லோஸோட பேரன்தான் ரென்ஸோ. இதுல எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா, தோத்த குடும்பம் அந்த பூட்டுக்கு ஜெயிச்சவர் பேரயே வச்சுது, இன்னிக்கு உங்க ஜிம்ல 'கிமுரா'ன்னு சொல்றீங்களே அது அப்படி வந்த பேருதான். தன்ன தோக்கடிச்சவன் பேர தன் பிள்ளைங்களுக்கு தினமும் சொல்லிக் குடுக்கறதுக்கு ஒரு மனசு வேணும், கை ஒடியற வரைக்கும் கிடக்கறதவிட அது கஷ்டம்னு எனக்கு தோணும். அது யாரு கண்ணுலயும் படறதில்ல.

அந்த டவலையும் கவனிங்க. ஹீலியோவுக்காக முடிவெடுக்க ஒரு அண்ணன் இருந்தாரு. ரென்ஸோ ஃபைட்டுக்கு நாலு மாசம் முன்னாடி, 2000 மே 1, டோக்கியோ டோம்ல இதே சகுரபாவும் ஹீலியோ மகன் ராய்ஸும் 90 நிமிஷம் சண்டை போட்டாங்க. பதினஞ்சு நிமிஷ ரவுண்டா ஆறு ரவுண்டு. கிரேஸி பக்கம் கேட்டு வாங்கின ரூல்ஸ் அது, ரவுண்டுக்கு லிமிட் கிடையாது, ரெஃப்ரியும் நிறுத்தக் கூடாது. தொடையில உதை வாங்கி வாங்கி ராய்ஸால நிக்க முடியல, அண்ணன் ரோரியன் டவல போட்டாரு. அதோட முடியல, சகுரபா அதே ராத்திரி திரும்ப உள்ள போயி இகோர் வோவ்சான்சின்னு தன்னவிட ரொம்ப கனமான ஒருத்தரோட இன்னொரு பதினஞ்சு நிமிஷம் நின்னாரு, அதுக்கப்புறம் இன்னொரு ரவுண்டுன்னு சொன்னப்போ சகுரபா கார்னரே, அதாவது ஓரத்துல நின்ன அவர் ஆளுங்களே, போதும்னு நிறுத்திட்டாங்க. கிரேஸிங்கள வரிசையா தோக்கடிச்ச ஆளுக்கே அவர் ஆளுங்க டவல் போட்டிருக்காங்க. அவர யாரும் கோழைன்னு சொல்லல.

கார்னர்னா தடவிக் குடுக்கறது மட்டும்தான்னு நான் சொல்ல வரல. லியான் எட்வர்ட்ஸ்னு ஒரு ஃபைட்டர் 2022ல சாம்பியன் உஸ்மானோட ஆடினப்போ நாலு ரவுண்டு முடிஞ்சு ஸ்டூல்ல தளர்ந்துபோய் உக்காந்திருந்தாரு, கோச் மூஞ்சிக்கு நேரா கத்தினாரு, உன்மேல நீயே பரிதாபப்படறத நிறுத்துன்னு. அஞ்சாவது ரவுண்டுல 56 செகண்ட் பாக்கி இருக்கும்போது எட்வர்ட்ஸோட இடது கால் உதை ஒன்னு தலையில விழுந்துச்சு, உஸ்மான் அப்படியே சாஞ்சாரு. அந்த கோச்சும் கத்தத்தான் செஞ்சாரு. ஆனா அவன் எழுந்து செய்ய வேண்டிய வேலைக்காக, ஃபைட் நடக்கும்போது கத்தினாரு. உங்காளு ஃபைட் முடிஞ்சு நாலு பேர் முன்னாடி கத்தியிருக்காரு. உங்க கை பூட்டுக்குள்ள போகும்போது அவரு என்ன சொல்லிக்கிட்டு இருந்தாருன்னு நீங்க எழுதவே இல்ல, அத யோசிச்சுப் பாருங்க.

எங்க சித்தப்பா பாக்ஸர். நாங்க அப்ப வியாசர்பாடி, அவரு ஹார்பர்ல வேலை. கண்ணப்பர் திடல்ல அவரு ஆடினத நான் ரெண்டு தடவ பாத்திருக்கேன், ரொம்ப சின்னப் பையன், யாரோ தோள்ல உக்கார வச்சு காட்டினாங்க. "இவன் கீழ விழுந்ததே கிடையாது"ன்னு அவரோட வாத்தியார் ஊரெல்லாம் சொல்லிட்டு திரிவாரு, சித்தப்பாவும் அந்தப் பேர காப்பாத்தறதுக்காகவே விழ வேண்டிய நேரத்துல எல்லாம் விழாம நின்னு வாங்கியிருக்காரு. அம்பது வயசு ஆகறதுக்குள்ள வலது கை நடுங்க ஆரம்பிச்சிடுச்சு, பேச்சு குழற ஆரம்பிச்சுது, டீக்கடைக்கு போனா கிளாஸ்ல பாதிக்கு மேல ஊத்த வேணாம்னு சொல்லுவாரு. சட்ட பட்டன் சித்திதான் போட்டு விடுவாங்க. வாத்தியார் அதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டாரு. சித்தப்பா வாத்தியார திட்டி நான் கேட்டதே இல்ல, சித்தி திட்டுவாங்க, நடுராத்திரில கூட. அதனால "தாங்குடா"ன்னு யாராவது சொன்னா எனக்கு அந்த பாதி கிளாஸ் டீ ஞாபகம் வந்துடும், நான் நடுநிலையான ஆள் இல்ல, இத தெரிஞ்சுக்கிட்டு மேல படிங்க.

இப்ப உங்க மேல வந்த கோவம்.

டேப் பண்ணது தப்பே இல்ல, ஆனா நீங்களே ஒரு வரி எழுதியிருக்கீங்க, "அவனா எறங்குவான்னு வெயிட் பண்ணிட்டு கிடந்தேன்"னு. அங்கதான் ஃபைட் போச்சு, கடைசி பத்து செகண்ட்ல இல்ல. கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம் உங்க மேல ஒருத்தன் உக்காந்திருக்கான், நீங்க பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி கிடந்திருக்கீங்க. மவுண்ட்ல, அதாவது மேல ஏறி உக்காந்தவனுக்கு அடியில, கிடக்கும்போது செய்ய வேண்டிய வேலை எல்லாம் உங்க ஜிம்ல மொத மாசமே சொல்லிக் குடுத்திருப்பாங்க, முழங்கைய விலாவோட ஒட்டி வைக்கறது, இடுப்ப தூக்கி அவன முன்னாடி சாய வைக்கறது, சைடுல ஒருக்களிச்சு முட்டிய நடுவுல நுழைச்சு ஹாஃப் கார்டாவது, அதாவது அவனோட ஒரு காலயாவது உங்க ரெண்டு காலுக்கு நடுவுல, புடிக்கறது. அசிங்கமான, மெதுவான, கைதட்டலே கிடைக்காத வேலை. பத்து தடவ பண்ணா ஒன்பது தடவ அவன் திரும்ப ஏறி உக்காருவான். அது எதுவும் பண்ணாம கடைசில பயந்து கைய நீட்டி தள்ளியிருப்பீங்க, மவுண்ட்ல இருக்கறவனுக்கு அதவிட வசதி வேற இல்ல, நீட்டின கைய அப்படியே எடுத்துக்கிட்டான்.

2010ல ஆண்டர்சன் சில்வா, சேல் சன்னன் ஃபைட்ட போட்டு பாருங்க, முழுசா பாருங்க, கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும் ஓட்டி பாக்காதீங்க. சாம்பியன் சில்வா நாலு ரவுண்டுக்கு மேல கீழதான் கிடக்காரு, ஒவ்வொரு ரவுண்டும் தூக்கிப் போட்டு சாத்தறாரு சன்னன். அஞ்சாவது ரவுண்டு மூணு நிமிஷம் தாண்டினப்போ சில்வா கீழ கிடந்தபடியே கழுத்துல காலப் போட்டு ட்ரையாங்கிள் மாட்டி முடிச்சுட்டாரு. எல்லாரும் அத அதிசயம்னு சொல்லுவாங்க. எனக்கு அதுக்கு முன்னாடி இருக்கற இருபது நிமிஷம்தான் பிடிக்கும், அடிவாங்கிட்டே மணிக்கட்ட புடிக்கறாரு, தலைய இழுத்துக்கறாரு, இடுப்ப நகத்தறாரு, ஒன்னும் வேலைக்கு ஆகல, மறுபடி பண்றாரு. ஃபைட்டர் மனசுன்னா அதுதான்னு நான் நெனைக்கிறேன், மூஞ்ச வெறப்பா வச்சிட்டு கேமராவ முறைக்கறத ஃபைட்டுக்கு மொத நாளு யாரு வேணா பண்ணலாம்.

தண்ணி விஷயத்துக்கு வரேன், அத நீங்க பெருமையா எழுதியிருக்கறதுதான் எனக்கு பயமா இருக்கு. 2015 டிசம்பர்ல யாங் ஜியான் பிங்னு ஒரு சீனப் பையன், 21 வயசு, மணிலாவுல 'ஒன் சாம்பியன்ஷிப்'னு ஒரு எம்எம்ஏ கம்பெனியோட ஃபைட்டுக்கு வெயிட் எறக்கப் போயி உடம்புல தண்ணி வத்தி செத்துட்டான். ஃபைட்டுல இல்ல தம்பி, வெயிட் எறக்கும்போது. அதுக்கப்புறம்தான் அந்த கம்பெனி தண்ணிய கொறச்சு வெயிட் எறக்கறத தடை பண்ணி, உடம்புல தண்ணி சரியா இருக்கான்னு டெஸ்ட் வச்சு ரூல மாத்தினாங்க. நீங்க மேல இருக்கறவன தள்ள தெம்பில்லாம கிடந்ததுக்கு பாதி காரணம் அந்த ரெண்டு நாளாவே இருக்கலாம். சென்னை வெயில்ல தண்ணி குடிக்காம இருக்கறத யாராவது மன உறுதின்னு சொன்னா அந்த இடத்த விட்டு எழுந்து வந்துடுங்க. அடுத்த தடவ ஒரு வெயிட் கிளாஸ் மேல ஆடுங்க, அவ்ளோதான்.

சேரன். நல்ல ஞாபகம் வச்சிருக்கீங்க, ஆனா ஒன்ன விட்டுட்டீங்க. வெண்ணிப் போர்ல கரிகாலன் எறிஞ்ச வேல் அவன் மார்புல பாஞ்சு முதுகு வழியா வந்துச்சு, அதனாலதான் முதுகுல காயம். அவன் திரும்பி ஓடல. எல்லாருக்கும் முன்னாடி மார்பு தெரியுது, ஆனா முதுகுப் பக்கம் பாக்கறவன் என்ன சொல்லுவான்னு நெனச்சு நாணப்பட்டு வடக்கிருந்து உயிர விட்டான். உங்க குழாய் படம் மாதிரிதான். அப்போ வெண்ணிக் குயத்தியார்னு ஒரு அம்மா, அந்த ஊர்க்காரங்க, ஜெயிச்ச கரிகாலனப் பாத்தே பாடினாங்க, உன்னவிட அவன் நல்லவன் இல்லையான்னு. ராஜா மூஞ்சிக்கு நேரா. எனக்கு அந்தப் பாட்டுல சேரனவிட அந்த அம்மாவத்தான் ரொம்ப பிடிக்கும். தோத்தவன சரியாப் பாக்கறதுக்கு ஊர்ல ஒரு ஆளாவது இருந்திருக்கு, அது அவனுக்கு தெரியறதுக்குள்ள அவன் வடக்க பாத்து உக்காந்துட்டான்.

குரூப் 2வ இதோட போட்டு குழப்பிக்காதீங்க. ரெண்டு தடவ எழுதி, வேலை கிடைச்சு, விட்டிருக்கீங்க, லட்சக்கணக்குல ஆளுங்க அப்படித்தான் விடறாங்க. ஃபைட் நடக்கற கூண்டுக்குள்ள நடக்கறத வச்சு மொத்த வாழ்க்கைக்கும் ஜாதகம் எழுதற பழக்கம் இந்த மோட்டிவேஷன் வீடியோக்காரங்க கொண்டு வந்தது. கூண்டுல ரெஃப்ரி இருக்காரு, வெயிட் கிளாஸ் இருக்கு, ரெண்டு தட்டு தட்டினா எதிராளி விடணும்னு ரூல் இருக்கு. ஆஃபீஸ்ல உங்க மேனேஜர்கிட்ட தட்டிப் பாருங்க.

இப்போதைக்கு எலும்பு டாக்டர் ஒருத்தர்கிட்ட முழங்கைய காட்டுங்க, ஒரு மாசம் ஆகியும் வீக்கம் இருந்தா அது சுளுக்கு மட்டும் இல்லாம இருக்கலாம். கை சரியானப்புறம் உங்கள விட கனமானவன் ஒருத்தன மேல உக்கார வச்சு, மூணு மூணு நிமிஷமா, அடியில இருந்து வெளிய வரத மட்டும் பழகுங்க. பூட்டு மாட்டினா நீ எப்ப டவல் போடுவேன்னு கோச்சுகிட்ட கேளுங்க, போடவே மாட்டேன்னு அவரு பெருமையா சொன்னா ஜிம்ம மாத்துங்க, சென்னையில இப்போ ஜிம்முக்கா பஞ்சம். வாட்ஸப் குரூப்ப மியூட்ல போடுங்க, அவனுங்கள்ல எத்தன பேரு கூண்டுக்குள்ள போயிருக்கானுங்கன்னும் கேட்டு எழுதுங்க, எனக்கு தெரிஞ்சுக்கணும்.

அப்புறம் அம்மாகிட்ட உண்மைய சொல்லிடுங்க. பைக்ல இருந்து விழுந்தா முட்டியில சிராய்ப்பு இருக்கும், வண்டில கீறல் இருக்கும். அவங்க போய் வண்டிய பாத்திருப்பாங்க.