ரசீதில் வந்த 142857

வணக்கம் ஐயா,

தைப்பூசத்தன்று கோயிலில் அன்னதானத்துக்குப் பணம் கட்டினேன். ரசீது எண் 142857. உயர்நிலை ஒன்றில் படிக்கும் என் பேரன் அதைப் பார்த்ததும் "தாத்தா, இது ஏழோட நம்பர்!" என்று குதித்தான். தேடிப் பார்த்தால் சுழல் எண், கப்ரேக்கர் எண், ஹர்ஷத் எண், குறை எண் என்று இதற்கு ஏகப்பட்ட பட்டங்கள். இதெல்லாம் கணிதமா, இல்லை எண் சோதிடத்துக்குப் பக்கத்து வீடா?

கி., ஈசூன்

அன்புள்ள கி.,

பேரன் சொன்னது சரி. ரசீதின் பின்பக்கத்திலேயே 1ஐ 7ஆல் வகுக்கச் சொல்லுங்கள். மீதி 1இல் தொடங்கி 3, 2, 6, 4, 5 என்று போய் மறுபடி 1க்கு வரும். ஏழுக்கு வரக்கூடிய மீதி ஆறுதான், ஆறையும் தொட்டாயிற்று. ஈவில் விழும் இலக்கங்கள்தான் 142857. இரண்டை வகுத்தாலும் அதே வட்டம், ஏறும் இடம் மட்டும் வேறு. அதனால்தான் உங்கள் எண்ணை 2ஆல் பெருக்கினால் 285714, 3ஆல் பெருக்கினால் 428571. 6 வரை இப்படியே அதே இலக்கங்கள் சுழலும், அதனால்தான் சுழல் எண். 7ஆல் பெருக்கினால் 999999.

பட்டங்களுக்கு வருவோம். அவற்றை ஒரே தட்டில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். 142857 என்பது 3×3×3×11×13×37. தன்னை விட்டுவிட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால் 112503, தன்னைவிடக் குறைவு. ஆகவே குறை எண். இதை எந்த முறையில் எழுதினாலும் மாறாது. ஹர்ஷத் கதை வேறு. இலக்கங்களின் கூட்டல் 27, அது எண்ணை மீதியின்றி வகுக்கிறது. ஆனால் நமக்கு எட்டு விரல் இருந்து, எட்டின் அடிமானத்தில் எண்ணியிருந்தால் இதே எண் 427011 ஆகியிருக்கும். கூட்டல் 15, அது வகுக்காது. பட்டம் போச்சு.

அதற்காக ஒதுக்கவும் மனமில்லை. ஹர்ஷத் என்று பெயர் வைத்த கப்ரேக்கர், நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியர். 142857இன் வர்க்கம் 20408122449. அதை வெட்டி 20408ஐயும் 122449ஐயும் கூட்டினால் திரும்ப 142857. இதற்குத்தான் கப்ரேக்கர் எண் என்ற பட்டம். இப்படி வெட்டி ஒட்டிப் பார்க்கும் பொறுமை எனக்குக் கிடையாது, அவருக்கு இருந்தது. (பெரும்பாலான நாலிலக்க எண்களின் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போனால் வந்து நிற்கும் அவருடைய 6174 பற்றி, நாலு நம்பர் லாட்டரி எடுக்கும் நண்பர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.)

சுழல் எண்ணோ இன்னும் ஆழத்துக்கு இழுத்துப் போகிறது. ஏழைப் போலவே எல்லா மீதியையும் தொடும் பகா எண்கள் 17, 19, 23, 29 என்று வருகின்றன. இவை முடிவில்லாமல் வருமா? வரும் என்ற ஊகம் கணித அறிஞர் எமில் ஆர்ட்டின் 1927இல் சொன்னதிலிருந்து பிறந்தது. இன்றுவரை நிரூபணம் இல்லை.

பேரனுக்கு அடுத்த கணக்கு 13. அங்கே வட்டம் இரண்டாக உடையும்: 076923, 153846. ஏன் என்று அவனே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சொல்லிக் கொடுக்காதீர்கள்.