முதலில் எஸ்எம்பிஎஸ், அப்புறம்தான் கலர் லைட்: கேமிங் கம்ப்யூட்டர் கேள்வி பதில்

கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வது பற்றி நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, அதனால் ரூபாயைப் பிடித்துக்கொண்டு நிற்காமல் எந்தப் பாகத்துக்கு எவ்வளவு பங்கு போகிறது என்று பாருங்கள்.

பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, கையில் 50 ஆயிரம் இருக்கிறது. மானிட்டரும் கீபோர்டும் ஏற்கெனவே உண்டு. வேலரன்ட், ஜிடிஏ 5 நன்றாக ஓட வேண்டும், புது கேமும் ஓரளவு ஓட வேண்டும். என்னென்ன வாங்கலாம்?

தம்பி, மானிட்டர் இருப்பதே பெரிய நிம்மதி. 50 ஆயிரத்தில் 20 ஆயிரத்தை கிராபிக்ஸ் கார்டுக்கென்று முதலிலேயே ஒதுக்கி வை, மற்றதெல்லாம் மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். கடையில் போய் நின்றால் பேச்சு பிராசஸரில்தான் ஆரம்பிக்கும், ஐ5 என்பார்கள், ஐ7 என்பார்கள், கடைசியில் கார்டுக்குக் காசு இருக்காது. கேம் ஓடுவது கார்டில். அந்தப் பணத்துக்கு 8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600 கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடு, 1080பி (ஃபுல் எச்டி) மானிட்டருக்கு அது போதும். ஆர்டிஎக்ஸ் 3050 என்று காட்டினால் டப்பாவில் 8 ஜிபியா 6 ஜிபியா என்று பார். பெயர் ஒன்றுதான், ஆனால் 6 ஜிபி கார்டில் மெமரி மட்டுமல்ல, கோர்களும் குறைவு, 2560க்குப் பதில் 2304. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கமே போகாதே, 4 ஜிபிதான், அதுவும் மதர்போர்டோடு நாலே லேனில் (டேட்டா போகிற பாதை) பேசுகிற கார்டு, பழைய போர்டில் போட்டால் இன்னும் இழுக்கும்.

பிராசஸருக்கு ரைசன் 5 5600 எடு. 6 கோர், 12 த்ரெட், டப்பாவிலேயே கூலர் வரும். கடைக்காரர் "5500ம் அதேதான் தம்பி" என்பார். அதே இல்லை. பிராசஸருக்குள்ளேயே இருக்கிற வேகமான கேஷ் மெமரி பாதி, 32 எம்பிக்குப் பதில் 16. இன்டெல்தான் வேண்டும் என்றால் ஐ5-12400எஃப், பணம் இடித்தால் ஐ3-12100எஃப். 5600க்கு பி450 அல்லது பி550 போர்டு போதும், ஃபைல்களை வைக்க 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று, 16 ஜிபி ரேம்.

இப்போது எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற பெட்டி. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். 5600 முழு வேகத்தில் ஓடினால் 76 வாட், 6600 கார்டு 132 வாட், மற்றதெல்லாம் சேர்த்தாலும் 300ஐத் தாண்டாது. அதனால் 750, 850 என்று அலைய வேண்டாம், நல்ல கம்பெனியின் 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காது என்கிற முத்திரை), ஐந்து வருட வாரண்டி உள்ளது ஒன்று போதும். ஆனால் கேபினெட்டோடு சேர்ந்து வருகிற பேர் தெரியாத எஸ்எம்பிஎஸ் வேண்டவே வேண்டாம். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், தகர டப்பா மாதிரி எடையே இருக்காது. மேலே 500 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று படித்துப் பன்னிரண்டால் பெருக்கிப் பார், 200 வாட்டைத் தாண்டினால் அதிசயம். அது போகும்போது தனியாகப் போகாது, போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஆலங்குளம், ஒரு தாயார்: தம்பி, பையன் பிளஸ் டூ முடித்திருக்கிறான், கம்ப்யூட்டர் படிப்பில் சேருகிறான். படிக்கவும் விளையாடவும் ஒன்று வேண்டும் என்கிறான். அவன் சொல்லுகிற பெயரெல்லாம் எனக்குப் புரியவில்லை. 30 ஆயிரத்துக்கு மேல் முடியாது. ஏமாற்றுகிறானா?

அக்கா, ஏமாற்றவில்லை, அவன் கேட்பது நியாயமான சாமான்தான். 30 ஆயிரத்துக்குள் தனி கிராபிக்ஸ் கார்டு வராது, வந்தால் ஏதோ ஒரு பாகம் மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம். ரைசன் 5 5600ஜி என்று எழுதிக்கொண்டு போங்கள், கடைசியில் ஜி எழுத்து முக்கியம். அதற்குள்ளேயே ஓரளவு கிராபிக்ஸ் உண்டு, வேலரன்ட் ஓடும், படிப்புக்குத் தாராளம். ரேம் மட்டும் ஒரே குச்சியாக 16 வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்கச் சொல்லுங்கள். இந்த வகை பிராசஸர் கிராபிக்ஸுக்கும் ரேமைத்தான் எடுத்துக்கொள்ளும், ஒற்றைக் குச்சி போட்டால் கேம் திக்கித் திக்கி ஓடும், ஜோடியாகப் போட்டால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். நல்லதாக இருந்தால் இரண்டு வருடம் கழித்து அவனே சம்பாதித்து கார்டு வாங்கிச் செருகிக்கொள்வான், வேறு எதையும் மாற்ற வேண்டியிருக்காது. பில்லை ஜிஎஸ்டியோடு, ஒவ்வொரு பாகத்தின் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்கள், டப்பாக்களைப் பரண் மேல் போட்டு வையுங்கள்.

மேலப்பாளையம்: 12100எஃப் போட்டிருக்கிறேன், ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை.

எச்டிஎம்ஐ வயரைப் போர்டில் குத்தியிருப்பாய், பிடுங்கிக் கார்டில் குத்து. எஃப் என்று முடிகிற பிராசஸரில் கிராபிக்ஸ் கிடையாது.

திசையன்விளை: முன்பக்கம் முழுக்க கண்ணாடி, ஆறு ஆர்ஜிபி கலர் லைட் ஃபேன் உள்ள கேபினெட் பார்த்து வைத்திருக்கிறேன். எஸ்எம்பிஎஸ் இலவசமாகத் தருகிறார்கள்.

இலவச எஸ்எம்பிஎஸ் பற்றி மேலே சொல்லியாச்சு. முன்னால் கண்ணாடி போட்டு அடைத்தால் காற்று எப்படி உள்ளே வரும்? சித்திரை வெக்கையில் அறைச் சூடு எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு உள்ளேயும் ஏறும். உங்கள் பக்கம் தேரி மண் வேறு. முன்பக்கம் வலை உள்ளதாக, கழற்றிக் கழுவுகிற ஃபில்டர் உள்ளதாகப் பார். முன்னால் இரண்டு ஃபேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள, அவ்வளவுதான். கடலுக்குப் பக்கம் என்றால் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும், கடல் பார்த்த ஜன்னலோரம் வைக்காதே.

அம்பாசமுத்திரம்: அண்ணே, புது மெஷின். கேபினெட் ஓரத்தில் முழங்கை பட்டால் சுரீர் என்கிறது. எஸ்எம்பிஎஸ் பழுதா?

பழுதில்லை, வீட்டில் எர்த் இல்லை, குழி தோண்டி எர்த் போடச் சொல். பெரும்பாலான எஸ்எம்பிஎஸ்ஸில் கரண்ட் உள்ளே நுழைகிற இடத்தில் இரண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும், ஒன்று பேஸிலிருந்தும் ஒன்று நியூட்ரலிலிருந்தும் வெளித் தகரத்துக்கு. இரைச்சலை எர்த்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. எர்த் இல்லாவிட்டால் தகரம் நடுவில் தொங்கும், 230இல் பாதி, 115 வோல்ட் மாதிரி. கரண்ட் மிகக் குறைவு என்பதால் உன் கையில் சுரீர் என்பதோடு போகிறது. ஆனால் டிவியில் வேறு இடத்தில் எர்த் ஆன கேபிள் வயரோ டிஷ் வயரோ இருந்து, கரண்ட் ஓடுகிறபோதே அதில் எச்டிஎம்ஐ குத்தினால் போர்ட் போய்விடலாம். கார்டின் போர்ட் அப்படிப் போனால் வாரண்டி கிடைப்பது கஷ்டம்.

கல்லிடைக்குறிச்சி, வயரிங் வேலை செய்பவர்: சார், நான் எத்தனையோ வீட்டுக்கு வயரிங் செய்தவன். எர்த் இல்லாத வீட்டில் பிளக் பாயிண்டிலேயே எர்த்தையும் நியூட்ரலையும் சின்ன வயரால் லூப் போட்டுவிட்டால் ஷாக் நின்றுவிடும். இதற்குப் போய் குழி தோண்டச் சொல்லி ஜனங்களுக்குச் செலவு வைக்கிறீர்களே.

அண்ணாச்சி, தொழில் தெரிந்தவர் நீங்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். லூப் போட்டால் சுரீர் நிற்கும், உண்மைதான். ஆனால் அந்தப் பாயிண்டுக்கு வருகிற நியூட்ரல் எங்காவது லூஸாகி விட்டுப்போனால் என்ன ஆகும்? பேஸ் எஸ்எம்பிஎஸ் வழியாகச் சுற்றி நியூட்ரல் வயரில் வந்து நிற்கும், லூப் வழியாக நேரே கேபினெட் தகரத்துக்கு ஏறிவிடும். இப்போது 230 வோல்ட், பின்னால் கெப்பாசிட்டரும் இல்லை கட்டுப்பாடும் இல்லை. வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் உட்கார்ந்து விளையாடுகிற பையன் கையை வைப்பான். சுரீர் என்பது எச்சரிக்கை, நீங்கள் அதை அணைத்துவிட்டுப் பெரிய ஆபத்தை உள்ளே வைக்கிறீர்கள்.

கல்லிடைக்குறிச்சி, அவரே: நியூட்ரல் எங்கே சார் அப்படி விட்டுப்போகிறது?

ஆடிக் காற்றில் பணகுடி, ராதாபுரம் பக்கம் வந்து பாருங்கள். காற்றாலை சுற்றுகிற காற்று வீட்டு வயரையும்தான் ஆட்டும். கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் லூப் இல்லாத வீட்டுக்கும் கேடுதான். இரண்டு பேஸுக்கு நடுவில் 400 வோல்ட், இரண்டு வீட்டு லோடும் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும், லோடு குறைவான வீட்டுக்கு அதிக வோல்ட். அதற்கு எர்த்தும் பதில் இல்லை, வோல்டேஜ் ஏறினால் வெட்டிவிடுகிற ஓவர்வோல்டேஜ் புரொடெக்டர் மெயினில் வேண்டும். ஒரு கிராபிக்ஸ் கார்டு விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

வள்ளியூர்: அப்போ ஸ்டெபிலைசர் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

வேண்டாம். நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை தானே சமாளிக்கும். ஸ்டெபிலைசர் 'டக்' என்று ரிலே மாற்றுகிற இடைவெளி கம்ப்யூட்டருக்கு உபத்திரவம். ஃபிரிட்ஜுக்குப் போடுங்கள்.

சேரன்மகாதேவி: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனாலும் கரண்ட் போகும்போது கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறது.

இன்வெர்ட்டர் பின்னாடி ஒரு சுவிட்ச் இருக்கும், யுபிஎஸ் மோட், நார்மல் மோட் என்று. நார்மலில் இருக்கும், யுபிஎஸ்ஸுக்குத் தள்ளு. எஸ்எம்பிஎஸ் கரண்ட் இல்லாமல் தாக்குப்பிடிப்பது 16 மில்லி செகண்ட் அளவுதான், அதற்குள் இன்வெர்ட்டர் கை மாற்ற வேண்டும். இன்னொன்று, கரண்ட் போனதும் ஃபேன் 'ங்ஙொய்' என்று முனகினால் அது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், நல்ல எஸ்எம்பிஎஸ்ஸோடு அது ஒத்துப்போகாது. அடுத்த தடவை மாற்றும்போது சைன் வேவ் வாங்கு.

கல்லிடைக்குறிச்சி, மறுபடியும்: சரி சார், லூப் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். வாடகை வீட்டுக்காரன் என்ன செய்வான்? எர்த் இருக்கிறதா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி கேட்டீர்கள். உங்களைப் போன்ற ஒருவரைக் கூப்பிட்டு டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். 100 வாட் குண்டு பல்பு, ஒரு முனை பேஸில், மறுமுனை எர்த் ஓட்டையில். லூப் எதுவும் போடாத பாயிண்டில் முழு வெளிச்சத்தில் எரிந்தால் எர்த் உயிரோடு இருக்கிறது. மங்கலாக எரிந்தால் குழி காய்ந்துவிட்டது, கரியும் உப்பும் போட்ட பழைய குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுவதை எல்லோரும் மறந்துவிட்டோம். ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் வெட்டிவிடுகிற சுவிட்ச்) இருக்கிற வீட்டில் பல்பு வைத்ததும் டிரிப் ஆகும், பயப்பட வேண்டாம், அது நல்ல சேதி. எர்த்தே இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் சொல்லி, சுவரோரம் எர்த் ராடு அடித்துப் பச்சை வயர் இழுக்கச் சொல்லுங்கள், கூடவே ஒரு ஆர்சிசிபி. கம்ப்யூட்டர் வாங்குகிற பட்ஜெட்டிலேயே இதற்கும் எடுத்து வையுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

தென்காசி: ஆபீஸில் கழித்த ஐ5 நாலாம் தலைமுறை மெஷின் மலிவாகக் கிடைக்கிறது. ஜிடிஎக்ஸ் 1650 போட்டால் போதாதா?

பழைய கேமுக்குப் போதும். 1650இல் தனி பவர் வயர் கேட்காத 75 வாட் கார்டாகப் பார்த்து வாங்க வேண்டும், ஏனென்றால் அந்த ஆபீஸ் மெஷின்களில் பலவற்றின் எஸ்எம்பிஎஸ் கனெக்டரே வேறு, கடையில் வாங்கி மாற்ற முடியாது. ஒல்லிப் பெட்டி என்றால் குட்டைக் கார்டுதான் நுழையும். ஆனால் விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 எட்டாம் தலைமுறைக்குக் கீழே முறையாக ஏறாது. விண்டோஸ் 11இல் வேலரன்ட் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்கிற இரண்டு பாதுகாப்பு வசதியும் கேட்கும். இதெல்லாம் தெரிந்து வாங்கினால் வாங்கு.

சங்கரன்கோவில்: 45 ஆயிரத்துக்கு என்ன வாங்கலாம்?

முதல் கேள்வியைப் படி. 5600க்குப் பதில் 12100எஃப், போர்டு அதற்கேற்றது.

களக்காடு: 55 ஆயிரம் இருக்கிறது, அண்ணாச்சி.

அதுவும் முதல் கேள்விதான். மிச்சப் பணத்தை எஸ்எஸ்டியில் போடு, 1 டிபி.

நாங்குநேரி: பழைய ஆர்எக்ஸ் 580 நல்லதா? 60 ஆயிரத்துக்குள் ஒரு லிஸ்டும் தாருங்கள்.

லிஸ்ட் மேலே இருக்கிறது. 580இல் 2048எஸ்பி என்று ஒரு வகை சுற்றுகிறது, அசல் 580இல் 2304 கோர். 2022 செப்டம்பரில் கார்டு வைத்து எத்திரியம் என்கிற டிஜிட்டல் காசு எடுக்கிற மைனிங் நின்றபோது மூட்டை மூட்டையாக வெளியே வந்த கார்டுகள் இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. விற்கிறவர் வீட்டிலேயே மாட்டி, கார்டு விவரம் காட்டுகிற ஜிபியு-இசட் சாஃப்ட்வேரைத் திறந்து கோர் எண்ணிக்கை பார், அரைமணி நேரம் கனமான கேம் ஓட்டு. ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடு.

திருநெல்வேலி, ஆற்றங்கரைத் தெரு: 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய கம்ப்யூட்டர் அப்படியே கிடக்கிறது. எதையாவது எடுத்துப் புதிதில் போடலாமா?

பிராசஸரும் ரேமும் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்து, கடையில் வேறு போர்டில் போட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் யார் சொன்னாலும் மறுபடி ஓட்டாதீர்கள், உள்ளே தாமிரபரணி வண்டல் காய்ந்திருக்கும்.

கடையநல்லூர்: கேமிங் லேப்டாப் எது நல்லது?

அது வேறு சோலி. லேப்டாப் பார்க்கிற ஆளிடம் கேள்.

வீரவநல்லூர்: ரேம் விலை இப்படி ஏறிக்கிடக்கிறதே, குறைகிற வரை பொறுக்கலாமா?

சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்று பேரும் ஏஐ சர்வருக்கு மெமரி செய்வதில் இறங்கியதால் 2025 கடைசியிலிருந்து இந்தக் கதி. பொறுத்தால் குறையும் என்று நான் யாருக்கும் உறுதி சொல்ல மாட்டேன். தனிக் கார்டு போடுகிறாய் என்றால் இப்போது 16 ஜிபி ஒற்றைக் குச்சியாக வாங்கு, கேம் வேகத்தில் சில ஃபிரேம் குறையும், விலை இறங்கும்போது அதே மாடலில் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். 5600ஜி என்றால் ஒற்றைக் குச்சி கூடாது, 8 இரண்டு. மாட்டியதும் பயாஸ் செட்டிங்குக்குள் போய், ரேமை முழு வேகத்தில் ஓட்டுகிற எக்ஸ்எம்பியை ஆன் செய், செய்யாவிட்டால் 3200 என்று காசு கொடுத்த ரேம் 2133லோ 2400லோ ஓடிக்கொண்டிருக்கும்.