ஒரே பணத்துக்கு இரண்டு வாட்ஸ்ஆப் செய்தி போகிறது

வணக்கம். ரேசர்பே என்ற பணம் பெறும் சேவையில் பணம் வந்ததும், மேக் (Make) என்ற தானியங்கி இணைப்புச் சேவை வழியாக கூகுள் ஷீட்டில் வரி சேர்கிறது, ஆனால் சிலருக்கு மட்டும் நன்றிச் செய்தி இரண்டு முறை போகிறது என்கிறீர்கள். முதலில் ரேசர்பே வெப்ஹுக் (பணம் வந்ததை மேக்குக்குத் தானாகத் தெரிவிக்கும் வசதி) அமைப்பில் 'பேமென்ட் கேப்சர்டு', 'ஆர்டர் பெய்டு' ஆகிய இரண்டு அறிவிப்பையும் டிக் செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரே பணத்துக்கு இரண்டுமே வரும். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

அது இல்லையென்றால், 'வெப்ஹுக் ரெஸ்பான்ஸ்' மாட்யூலை, அதாவது 'தகவல் கிடைத்தது' என்று ரேசர்பேக்குப் பதில் அனுப்பும் மேக் படியை, கடைசியில் வைத்திருப்பீர்கள். 5 வினாடிக்குள் பதில் வராவிட்டால் ரேசர்பே அதே தகவலை மறுபடி அனுப்பும். வாட்ஸ்ஆப் கொஞ்சம் மந்தமானால் போதும், பதில் தாமதமாகி செய்தி மறுபடி போய்விடும். அந்த மாட்யூலை முதலிலேயே வையுங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஒரே தகவல் சில நேரம் இரண்டு முறை வரத்தான் செய்யும். வெப்ஹுக்கின் குணமே அது. அதனால் ஒவ்வொரு பணத்துக்கும் உள்ள பேமென்ட் ஐடியை மேக்கின் டேட்டா ஸ்டோரில் (தகவல் சேமிக்கும் அட்டவணை) கீயாக, அதாவது அடையாள எண்ணாகப் போட்டு, ஏற்கெனவே இருந்தால் ஃபில்டரில் நிறுத்துங்கள். ஷீட்டில் தேடிப் பார்ப்பதும் உண்டு, நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் மேக்கின் இரண்டு ஓட்டம் ஒரே நேரத்தில் வந்து, இரண்டுமே 'வரி இல்லை' என்று பார்த்து, இரண்டுமே செய்தி அனுப்பிவிட்டன! சினாரியோ (மேக்கில் நாம் அமைக்கும் படிகளின் தொகுப்பு) செட்டிங்கில் 'சீக்வென்ஷியல் ப்ராசஸிங்' போட்ட பிறகுதான் அடங்கியது. ஒவ்வொன்றாக ஓடும், கொஞ்சம் தாமதமாகும், உங்கள் அளவுக்குப் பரவாயில்லை.

அப்புறம், வாட்ஸ்ஆப் மாட்யூலுக்கு 'பிரேக்' எரர் ஹேண்ட்லர் (பிழை வந்தால் அந்த ஓட்டத்தை நிறுத்திச் சேமித்து வைப்பது) போடுங்கள். முழுமையடையாத ஓட்டங்களைச் சேமிக்கும் வசதியையும் இயக்கினால்தான் அது வேலை செய்யும்.