'ஐ' எத்தனை சுற்று சுற்றும்? (வாசகர் கேள்வி பதில்)

கே: பையன் பதினொன்றாம் வகுப்பு. 'ஐ'யின் (i, வர்க்கம் −1 ஆக வரும் கற்பனை எண்) 2027-ஆம் அடுக்கைச் சுருக்கச் சொல்லி வீட்டுப்பாடம். நாலால் வகுக்கணும் என்று மட்டும் ஞாபகம் வைத்திருந்தான். கால்குலேட்டரில் 506.75 என்று வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். நானும் பி.எஸ்ஸி. கணக்குதான், ஆனால் தொட்டு இருபது வருஷமாச்சு.
– ஒரு வாசகி, மயூர் விகார், டெல்லி

ப: முக்கால் கிணறு தாண்டிவிட்டு நின்றிருக்கிறானே அம்மா! அந்த .75-லேயே விடை இருக்கிறது. முக்கால் என்றால் நாலில் மூன்று, அதாவது மீதி 3. இதுவே .25 என்று வந்தால் மீதி 1, .5 என்றால் 2. 'ஐ'யின் மூன்றாம் அடுக்கு −ஐ, ஆக 2027-ஆம் அடுக்கும் அதுதான்.

ஏன் நாலு? உங்கள் ஊர் கோல் சக்கர் (ரவுண்டானா) ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், நாலு பக்கமும் ரோடு பிரிவது. கிழக்கு ரோடு 1, வடக்கு 'ஐ', மேற்கு −1, தெற்கு −ஐ. 'ஐ'யால் ஒருமுறை பெருக்கினால் கால் சுற்று: கிழக்கிலிருந்து வடக்கு, இன்னொரு முறை பெருக்கினால் மேற்கு ('ஐ'யின் வர்க்கம் −1 என்பது இதுதான்), அப்புறம் தெற்கு, நாலாவது முறை புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறோம். 2027 கால் சுற்று என்பது 506 முழுச் சுற்றும் மூன்று கால் சுற்றும். முழுச் சுற்றெல்லாம் பெட்ரோலுக்குக் கேடு, விட்டுத்தள்ளலாம். மிச்சம் மூன்றில் வண்டி தெற்கே, நம்ம ஊர்ப் பக்கம் நிற்கும்.

கால்குலேட்டர்கூட வேண்டாம். 100 நாலால் வகுபடும் என்பதால் கடைசி இரண்டு இலக்கம் போதும். 27-இல் 24 போக 3. அடுக்கு முப்பது இலக்கமாக இருந்தாலும் இவ்வளவுதான் வேலை. ஒரே ஒரு இடத்தில் பிள்ளைகள் வழுக்குவார்கள்: மீதி பூஜ்யம் வந்தால் விடையையும் பூஜ்யம் என்று எழுதிவிடுவார்கள். விடை 1, வண்டி கிழக்கிலேயே நிற்கிறது.

கே: −39-ஆம் அடுக்கு. 39-ஐ நாலால் வகுத்தேன், மீதி 3, −ஐ என்று எழுதினேன். சார் சிவப்பு மையில் சுழித்துவிட்டார்.
– ஒரு மாணவன், ஆர்.கே.புரம், டெல்லி

ப: சுழித்தது சரிதான் தம்பி, மைனஸை நீ கண்டுகொள்ளவே இல்லை. மேலே நான் வண்டியைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓட்டினேன், கவனித்தாயா? நிஜ டெல்லியில் அப்படிப் போனால் சலான்தான். இங்கே சக்கரத்தைக் கடிகாரத் திசையில்தான் சுற்ற வேண்டும். மைனஸ் அடுக்கு என்பது அந்த நிஜ டிராஃபிக். கிழக்கிலிருந்து அப்படி ஒரு கால் சுற்று போனால் தெற்கு, அதனால்தான் 1-ஐ 'ஐ'யால் வகுத்தால் −ஐ வருகிறது. −39-க்கு 40-ஐக் கூட்டு (பத்து முழுச் சுற்று, இடம் மாறாது), 1 வரும். விடை 'ஐ'. மைனஸ் போகும்வரை நாலின் மடங்கைக் கூட்டிக்கொண்டே போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

கே: எலெக்ட்ரிக்கல் படிக்கும் அண்ணன் 'ஐ'க்குப் பதில் 'ஜே' போடுகிறான். எது சரி?
– ஒரு மாணவி, கரோல் பாக், டெல்லி

ப: இரண்டும். 'ஐ' என்ற குறியை 1777-இல் கொண்டுவந்தவர் ஆய்லர். ஆனால் மின்சாரக்காரர்களுக்கு 'ஐ' என்றால் கரண்ட், ஒரே சமன்பாட்டில் இரண்டு 'ஐ' வந்தால் அடிதடிதான், அதனால் அடுத்த எழுத்துக்கு நகர்ந்துவிட்டார்கள். சுற்று அதே நாலுதான். அண்ணன் நோட்டில் கை வைக்காதே.